தொலைக்காட்சி உபதலைப்புகளைத் தேடத்தக்க திறந்த தரவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் சிங்கள நாடகங்களுக்குத் தமிழ் உபதலைப்பு எழுதுவது பல ஆண்டுகளாக என் தொழில். எழுதி முடித்த உபதலைப்புகளை எவரும் சொல் இட்டுத் தேடக்கூடிய தரவாக வைக்க வேண்டும் என்று நானும் சில நண்பர்களும் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, வெள்ளவத்தைத் தேநீர்க் கடையிலும் கலையக நடைபாதையிலும் தொலைபேசியிலும் அதே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சப்டைட்டில் டேட்டா எண்டா என்ன? திரையில ஓடுற எழுத்துத்தானே?

திரையில் தெரிவது அதன் நிழல் மட்டுமே. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எஸ்ஆர்டி வடிவத்தில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

412
00:21:07,480 --> 00:21:09,920
நாளைக்கு வெள்ளவத்தைச் சந்தையில
சந்திப்பம்.

முதல் வரி வரிசை எண். இரண்டாவது வரி, எழுத்து எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்பதை மணி, நிமிடம், செக்கன், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சொல்கிறது. மூன்றாவதாக வருவது வசனம். இவற்றோடு அலைவரிசை, நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான திகதி, மொழி ஆகிய நான்கையும் சேர்த்துவிட்டால் அது தரவாகிவிடுகிறது. கலையகத்தில் எல்லோரும் சப்டைட்டில் என்றே சொல்வோம். இங்கே எழுத்து வழக்கை ஒட்டி உபதலைப்பு என்கிறேன்.

அதைத் தேடி யாருக்கு என்ன பிரயோசனம்?

பாராளுமன்றத்தில் ஒருவர் பேசியதை ஹன்சாட்டில் எடுத்துப் பார்க்கலாம். பேசிய மொழியிலேயே அது அச்சாகிறது. பத்திரிகையில் வந்ததை நூலகத்தில் தேடலாம். தொலைக்காட்சியில் சொல்லப்பட்டது மட்டும் காற்றோடு போய்விடுகிறது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டு ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதியும் ஒளிபரப்பைத் தொடங்கின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாடு வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சுக்குச் சொல்லடைவு என்று எதுவும் நம் கையில் இல்லை.

பயனை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. “மின்வெட்டு” என்ற சொல் எந்த மாதத்தில் திடீரென்று பெருகுகிறது என்று ஓர் ஊடகவியலாளர் பார்க்கலாம். அகராதி தொகுப்பவருக்கு, “கதைத்தல்” என்பது இலங்கைத் தமிழ் உரையாடலில் எத்தனை விதமாக வருகிறது என்று சான்றோடு தெரியும். எனக்கே இது தேவைப்படுகிறது: ஒரே நாடகத்தின் நாற்பதாவது பகுதியில் “லொக்கு மாமா” வரும்போது, ஐந்தாவது பகுதியில் அவரைப் பெரிய மாமா என்று எழுதினேனா, மூத்த மாமா என்று எழுதினேனா என்பதைக் கண்டுபிடிக்க இன்றும் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன்.

வேற நாட்டில ஆராவது இப்படிச் செய்திருக்கினமா?

செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் திகதி முதல் தேசியச் செய்தி ஒளிபரப்புகளைப் பதிவுசெய்து, ஒவ்வொரு செய்திக்கும் மனிதர்கள் எழுதிய சுருக்கத்தைச் சேர்த்து வைத்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரில், 2009 முதலான தொலைக்காட்சிச் செய்திகளை அவற்றின் உபதலைப்புகளைக் கொண்டே தேட வழிசெய்தது. சொல்லை இட்டால் அது வந்த இடத்தின் சிறு துண்டு கிடைக்கும். முழு நிகழ்ச்சி கிடைக்காது. நாங்கள் கேட்பதும் அந்த மாதிரியில்தான்.

அங்க முடிஞ்சா இங்க ஏன் முடியேல்ல?

அங்கே உபதலைப்பு எழுத்தாகவே பயணம் செய்கிறது. செவிப்புலன் குறைந்தோருக்காக, 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் உபதலைப்பைக் காட்டும் சில்லு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1990 இல் சட்டம் செய்தது; 1993 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில், 2012 இல் பழைய அனலொக் ஒளிபரப்பு நிற்கும்வரை, டெலிடெக்ஸ்ட் என்ற திரை எழுத்துச் சேவையின் 888 ஆம் பக்கத்தை அழுத்தினால் உபதலைப்பு வந்தது. இரண்டிலும் எழுத்து படத்திலிருந்து தனியாக வந்ததால், ஒளிபரப்பைப் பதிவுசெய்தவருக்கு எழுத்தும் கூடவே கிடைத்துவிட்டது.

இங்கே பெரும்பாலும் நாங்கள் எழுதும் கோப்பு, தொகுப்பாளரின் மேசையில் படத்தோடு ஒட்டப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு அது எழுத்து அல்ல, படத்தின் ஒரு பகுதி; தேநீரில் கரைந்த சீனியைப் போல, இருக்கிறது, ஆனால் அள்ள முடியாது. மூலக் கோப்பு யாரோ ஒருவருடைய வன்தட்டில் கிடக்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில், இடம் போதவில்லை என்று மூன்று நெடுந்தொடர்களின் கோப்புகளை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழித்துவிட்டார்கள். அழித்தவர் மீது கோபப்பட முடியவில்லை. அவை எவருக்கும் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது: படத்தில் ஒட்டுவதற்கு முன் கோப்பில் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள்.

திரையில இருக்கிற எழுத்தைக் கம்பியூட்டரே வாசிச்சு எடுக்காதா?

எடுக்கும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் நன்றாகவே வாசிக்கும். வெள்ளை எழுத்து, பின்னால் வெள்ளைச் சேலை, அதற்கும் பின்னால் அசையும் தென்னோலை என்றால் தடுமாறும். காலும் ரகரமும் அச்சில் ஒன்றுபோல இருப்பதால் “காரணம்” என்பது “கரரணம்” ஆகிவிடும். அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு அந்த வரி கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

கோப்பு தொலைந்துபோன பழைய நிகழ்ச்சிகளுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. புதியவற்றுக்கு, கையில் இருக்கும் கோப்பைக் கேட்டு வாங்காமல் படத்திலிருந்து சுரண்டி எடுப்பது வீண் வேலை.

பேச்சைக் கேட்டுத் தானா எழுதுற மென்பொருள் வந்திட்டுதே?

வந்திருக்கிறது. 2022 செப்டெம்பரில் வெளியான விஸ்பர் போன்றவை தமிழையும் சிங்களத்தையும் ஏற்கின்றன. ஆனால் அவை பிழை விடும் முறை வேறு: காட்சி வாசிப்பான் எழுத்தைக் கெடுக்கும், பேச்சுணரியோ சில வேளைகளில், யாரும் பேசாத இடத்தில் ஒழுங்கான ஒரு வசனத்தையே எழுதிவைத்துவிடும். இரண்டாவது ஆபத்தானது, ஏனெனில் அது பிழைபோலத் தெரியாது. ஆகவே இயந்திரம் எழுதிய வரிகளைச் சேர்ப்பதானால், மனிதர் எழுதியவற்றோடு கலக்காமல், ஒவ்வொரு வரியிலும் எப்படிப் பெறப்பட்டது என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும்.

கனக்க இடம் வேணுமே? ஆர் காசு குடுக்கிறது?

காணொளிக்குத்தான் இடம் வேண்டும். யுனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். ஒரு மணி நேர நாடகத்தில் சில நூறு வரிகள். மொத்தம் ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் அளவுகூட வராது. ஓர் அலைவரிசையின் ஓராண்டு உபதலைப்புகள் ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும்.

தேடினா ஏன் பாதிதான் வருது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான். முதற் காரணம் பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டச்சு செய்த கோப்பு, கணினியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துக் குவியல். அதை யுனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தேட முடியாது.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். “கௌரவ உறுப்பினர்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக எழுதினால் அது ககரமும் ஔகாரக் குறியும். ஆனால் அவசரத்தில் பலர் ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது; தேடலில் “கௌரவ” வரும், “கெளரவ” வராது. எங்கள் கோப்புகளில் முதன்முதலாகத் தேடிப் பார்த்தபோது இந்தச் சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிழையான வடிவத்தை எழுதியிருந்ததும் பெரும்பாலும் நானே. அதுபோலவே “கொ” என்பதை ஒரே ஒகரக் குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். ஸ்ரீ என்பதற்கும் இரண்டு குறிமுறைகள் உண்டு. இவற்றையெல்லாம் சுட்டியில், அதாவது தேடலுக்கான சொல்லடைவில், ஏற்றுவதற்கு முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, தேடுபவர் தட்டும் சொல்லையும் அதே முறையில் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தமிழின் இயல்பு. கொழும்பு என்று தேடினால் கொழும்புக்கு வரும். கொழும்பில், கொழும்பிலிருந்து, கொழும்பான் ஆகியவை வரமாட்டா, ஏனெனில் ஈற்று உகரம் அங்கே கெட்டுவிட்டது. இதற்கு வேர்ச்சொல் பிரிப்பான் எழுதுவது பெரிய வேலை. அதுவரை, சொல்லை மும்மூன்று குறியீடுகளாக வெட்டிச் சுட்டியிட்டு, “கொழும்ப” வரை பொருந்தினாலும் காட்டச் செய்வது போதுமானது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும்: சில தேடற்பொறிகள் தமிழின் உயிர்க்குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கருதாமல், அவை வரும் இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடுகின்றன.

அதில இருக்கிற நேரம் சரியான நேரமா?

கோப்பில் இருப்பது நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து எண்ணிய நேரம். இரவு 8.30க்குத் தொடங்கிய நாடகத்தில் 21 ஆவது நிமிடத்து வசனம், இடையில் விளம்பரங்கள் வந்ததால் 9 மணிக்கும் பிறகு ஒளிபரப்பாகியிருக்கலாம். ஆகவே நிகழ்ச்சி நேரம், ஒளிபரப்பு நேரம் என்ற இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, தெரியாததை வெறுமையாக விடுவதே நேர்மை.

பழைய நாடாக்களைக் கையாள்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. இலங்கையின் கடிகாரம் 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக நேரத்தைவிட ஆறரை மணி முன்னால் தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இதை மறந்து எல்லாவற்றையும் ஐந்தரை என்று கணக்கிட்டால், அந்தப் பத்தாண்டுகளின் நள்ளிரவுச் செய்திகள் தவறான நாளில் போய் விழும்.

இதில கண்டதை அவர் சொன்னது எண்டு எழுதலாமா?

கூடாது. உபதலைப்பு என்பது சொன்னதன் பதிவு அல்ல. சொன்னதைச் சில செக்கனுக்குள் வாசித்து முடிக்கும்படி சுருக்கியது. இரண்டு வரிகள், வரிக்கு நாற்பது எழுத்தை ஒட்டி. ஒரு தாய் “அனே புத்தே, கேவத?” என்கிறாள். நான் “சாப்பிட்டியா மகன்?” என்று எழுதுகிறேன். அந்த “அனே”யில் இருந்த இரக்கம் நடிகையின் முகத்தில் தெரிவதால் அதை விட்டுவிடுகிறேன். அதைக் கணக்கெடுக்க வரும் ஆய்வாளருக்கு என் கோப்பில் எதுவும் கிடைக்காது. நேரடி ஒளிபரப்பின் உபதலைப்போ பேச்சுக்குச் சில செக்கன்கள் பின்தங்கி வரும். கேட்டுத் தட்டுவதால் பெயர்கள் பிழைக்கும்.

தேடல் உங்களை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும். மேற்கோள் காட்டுவதற்கு முன் ஒலியைக் கேட்க வேண்டும்.

இது களவு இல்லையா? உரிமை ஆருக்கு?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நாடகத்தின் வசனத்துக்கு உரிமை உண்டு. அதன் மொழிபெயர்ப்பும் தனியாகப் பாதுகாக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் சம்பளத்துக்கு வேலை செய்பவரானால், வேறுவிதமாக உடன்படாதவரை, பொருளாதார உரிமைகள் தொழில்தருநருக்கே சேரும். துண்டுத் துண்டாக வேலை செய்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசிக்க வேண்டும். பலரிடம் ஒப்பந்தமே இல்லை என்பது வேறு கதை. அன்றாடச் செய்தியை அதே சட்டம் பாதுகாப்புக்கு வெளியே வைத்திருக்கிறது என்றாலும், ஒரு செய்தியறிக்கை எழுதப்பட்ட விதத்தையும் அது விட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

11 ஆம் பிரிவு, ஆய்வு, விமர்சனம், செய்தி அறிக்கையிடல், கற்பித்தல் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நோக்கம், எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றைக் கொண்டு அதை அளக்கிறது. அதை மட்டும் நம்பி முழுக் கோப்புகளையும் பரப்புவதை நான் ஏற்கவில்லை. எழுத்து மூல அனுமதியே என் வழி.

அப்ப “திறந்த” எண்டு ஏன் சொல்றீங்கள்? முழுக் கோப்பும் தரமாட்டீங்களே?

எதைத் திறப்பது என்பதில்தான் விடயமே இருக்கிறது. அலைவரிசை, திகதி, நேரம், ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை ஆகியவற்றை எந்தக் கட்டுப்பாடும் இன்றி, தரவிறக்கக்கூடியதாகவே தரலாம்; எண்ணிக்கையிலிருந்து யாரும் நாடகத்தை மீள எழுத முடியாது. சொல் வந்த வரியையும் அதற்கு முன்பின் ஒரு வரியையும் தேடல் விடையில் காட்டலாம். முழுக் கோப்பு, உரிமையாளர் இசைந்தவற்றுக்கு மட்டும்.

இந்தக் கோட்டை இப்படி இழுப்பதற்கு அமெரிக்க வழக்கொன்று எனக்கு வழிகாட்டி. டிவிஐஸ் என்ற சேவை ஒளிபரப்புகளைப் பதிவுசெய்து, உபதலைப்பு வழியே தேடவைத்து, பத்து நிமிடம் வரையான துண்டுகளைப் பார்க்கவும் கொடுத்தது. ஃபொக்ஸ் நியூஸ் தொடுத்த வழக்கின் 2018 ஆம் ஆண்டு மேன்முறையீட்டில் தேடும் வசதி எதிர்க்கப்படவே இல்லை. பார்க்கும் வசதிதான் நியாயமான பயன்பாடு அல்ல என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் ஒளிபரப்பாளருக்கு எங்கே நோகும் என்பதை அது காட்டுகிறது.

அரச அலைவரிசையிட்ட தகவல் உரிமைச் சட்டத்தில கேட்டா தருவினமோ?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அரச கூட்டுத்தாபனங்களுக்கும் பொருந்தும் என்பதால் கேட்கலாம். ஆனால் மூன்றாம் தரப்பின் புலமைச் சொத்தைக் காரணம் காட்டி மறுக்க அதே சட்டத்தில் இடமுண்டு, பொதுநலன் மேலோங்கினாலன்றி. ஆகவே கோப்பைக் கேட்பதைவிட முதலில் பட்டியலைக் கேட்பது நல்லது: எந்த நிகழ்ச்சிகளுக்கு உபதலைப்புக் கோப்புகள் உள்ளன, எந்த வடிவில், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகின்றன? பட்டியலுக்கு யாரும் பதிப்புரிமை கோரமாட்டார்கள்; அப்படிக் கேட்டாலே சிலவேளை அழிப்பது நின்றுவிடும்.

ஆரோ ஒரு பாவப்பட்ட மனுசன்ர பெயரும் தேடினா வருமே?

வரும், இது நியாயமான பயம். ஒருமுறை ஒளிபரப்பாகி மறந்துபோன பேட்டியும், பெயரைத் தட்டியதும் பத்தாண்டு கழித்தும் வந்து நிற்கும் பேட்டியும் ஒன்றல்ல. பிள்ளைகள், விபத்திலும் வன்முறையிலும் பாதிக்கப்பட்டோர், வழக்குகளின் சாட்சிகள் ஆகியோரின் பெயர்கள் சுட்டியில் ஏறாமல் தடுத்து, கோப்பில் மட்டும் விட வேண்டும். கேட்டால் நீக்கும் வழியும் வேண்டும். பதவியில் இருந்துகொண்டு பேசியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஏஐ கம்பனிக்காரர் அள்ளிக்கொண்டு போனா?

திறந்ததை எவரும் எடுப்பார்கள். திரைப்பட உபதலைப்புகளிலிருந்து தொகுத்த ஓப்பன்சப்டைட்டில்ஸ் தொகுப்பு ஏற்கெனவே இயந்திர மொழிபெயர்ப்புக்குப் பயன்படுகிறது. அதன் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பில் சிங்கள–ஆங்கில வாக்கிய இணைகள் சுமார் 6 இலட்சம் இருந்தன, தமிழ் அதைவிட மிகக் குறைவு. சிங்கள–தமிழ் நேரடி இணைகளுக்கு எங்கள் கோப்புகளைவிட நல்ல மூலம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் முழுக் கோப்புக்கு உரிமையாளரின் இசைவு வேண்டும் என்று மேலே சொன்னேன். விலை பேசும் வாய்ப்பு எழுதியவர்களிடம் இருக்கட்டும்.

சிங்களத்தில சொன்னது ஒண்டு, தமிழில போட்டது இன்னொண்டு எண்டு பிடிபட்டா எங்கட கதி என்ன?

இதைக் கேட்பவர்கள் என் சக தொழிலாளர்கள். எப்போதும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்த படத்தை மறுநாள் காலைக்குள் முடித்தவரின் தவறு, இரண்டு மொழிகளையும் பக்கம் பக்கமாகக் காட்டும் தேடலில் வெளிச்சத்துக்கு வரும். அதை மறைக்க முடியாது. ஆனால் எல்லா மாற்றமும் தவறல்ல என்பதும் அதே தேடலில் தெரியும்: மேலே சொன்ன “அனே”யைப்போல, விட்டதற்குக் காரணம் இருக்கும் இடங்களே அதிகம்.

சட்டம் படைப்பாளிக்குத் தன் பெயரைக் குறிக்கவும், புனைபெயரைப் பயன்படுத்தவும் உரிமை தருகிறது. ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் மொழிபெயர்ப்பாளர் விரும்பிய பெயர் இருக்க வேண்டும், விரும்பாவிட்டால் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காமல், திருத்திய வரியைத் திகதியோடு அருகில் வைக்க வேண்டும், ஏனெனில் ஒளிபரப்பானது பழைய வரிதான். என் சொந்தக் கோப்புகளுக்கு என் பெயரையே கொடுத்திருக்கிறேன். ஓரிடத்தில் “மல்லி” என்பதைத் தம்பி என்று எழுதாமல் பூவாக்கி வைத்திருக்கிறேன். அதுவும் அப்படியே அங்கே இருக்கிறது.